ஊர் பிடிபடுவது எப்படி?

புதிதாகச் சென்னைக்குக் குடிவந்தவரிடம் முதல் வாரம் எல்லாரும் கேட்பது, "வீடு பிடிச்சாச்சா?" ஒரு மாதம் போனதும் கேள்வி மாறும்: "ஊர் பிடிச்சிருக்கா?" ஆறேழு மாதம் கழித்து சொந்தக்காரப் பெரியவர் யாராவது போனில் கேட்பார்: "என்னப்பா, ஊர் பிடிபட்டுச்சா?"

மூன்றிலும் அதே 'பிடி'தான், விஷயம்தான் வேறு. வீடு பிடிப்பது பணமும் அலைச்சலும் சேர்ந்த வேலை. ஊர் பிடிப்பது மனநிலை. மார்கழிக் காலையில் பிடிக்கும், மே மாத மதியத்தில் பிடிக்காது. பிடிபடுவது இந்த இரண்டிலும் சேராது. எது எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் எந்தத் தெரு அடைத்துக்கொள்ளும், எதை யாரிடம் கேட்கலாம் என்பதெல்லாம் யோசிக்காமலே நமக்குத் தெரிந்திருக்கிற நிலை அது. உளவியலிலும் புவியியலிலும் 'இடப்பற்று' என்ற பெயரில் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு இடத்துக்கும் நமக்கும் ஒட்டு எப்படி உண்டாகிறது என்பதுதான் கேள்வி.

நான் பாளையங்கோட்டைக்காரன். குரோம்பேட்டையில் வீடு எடுத்தபோது அம்மா ஊரிலிருந்து வந்து, முதலில் உப்பும் மஞ்சளும் குடத்தில் தண்ணீரும் உள்ளே கொண்டுபோய் வைத்து, பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்ததும், "அவ்வளவுதான், இனி இது நம்ம வீடு" என்றாள். வீட்டுக்கு இப்படி ஒரு சடங்கு இருக்கிறது. ஊருக்கு எதைக் காய்ச்சுவது? அன்று சாயங்காலமே தயிர் வாங்கப் போனவன், ஒரே மாதிரி இருந்த குறுக்குத் தெருக்களில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் சுற்றினேன். வீடு என்னுடையதாகிவிட்டது, அதற்கு எப்படிப் போவது என்பதுதான் தெரியவில்லை.

நம் மொழியில் 'ஊர்' என்ற சொல்லே கொஞ்சம் வினோதமானது. கிராமம், மாவட்டம் என்பவற்றை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிவிடலாம். ஊர் அப்படியில்லை. யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து நீளும், சுருங்கும். டெல்லியில் கேட்டால் என் ஊர் தமிழ்நாடு, சென்னையில் கேட்டால் திருநெல்வேலி, திருநெல்வேலி ஜங்ஷனில் நின்று கேட்டால் பாளையங்கோட்டை. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் இ. வாலன்டைன் டேனியல், திருச்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, 1984இல் இதை விரிவாக எழுதினார். அவர் கவனித்த இன்னொன்று நமக்கு இங்கே முக்கியம். ஊர் மண்ணின் குணம் அங்கே வாழ்கிறவர்களுக்குள்ளும் இறங்கும் என்று மக்கள் நினைக்கிறார்கள். அந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்து, மனிதரும் மண்ணும் கலந்துபோகிறார்கள். அதனால்தான் ஒரு ஊர் ஒருவருக்கு 'ஒத்துக்கொள்கிறது', இன்னொருவருக்கு 'ஒத்துக்கொள்ளவில்லை'.

சென்னைக்கு வந்த முதல் மாதத்தில் நாம் எல்லாரும் பேசுகிற தண்ணீர்ப் பேச்சை இதோடு சேர்த்துப் பாருங்கள். தாமிரபரணி குடித்து வளர்ந்தவனுக்கு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், கேன் தண்ணீர் சப்பென்று இருக்கும். அப்புறம் முடி கொட்டினால் தண்ணீர், தூக்கம் வராவிட்டால் தண்ணீர், மேனேஜர் திட்டினால்கூட கிட்டத்தட்ட தண்ணீர்தான் காரணம். கிண்டலாகச் சொன்னாலும், வருத்தம் உண்மையானது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இந்த ஏக்கத்தை நோயாகவே பார்த்தார்கள். 1688இல் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், தாய்நாட்டை விட்டுப் பிரிந்த சுவிஸ்காரர்கள் படும் பாட்டை விளக்க 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உருவாக்கினார். வீடு திரும்புவதற்கான கிரேக்கச் சொல்லையும் வலிக்கான சொல்லையும் ஒட்டவைத்தது அது.

சரி, பிடிபடுவதற்கு வருவோம். முதலில் பிடிபட வேண்டியது வழி. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். மனிதர்கள்தான் ஊர், தெருவில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வழி தெரியாதவன் எங்கேயும் விருந்தாளிதான்.

1948இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டோல்மன், எலிகளைச் சிக்கலான பாதைகளில் ஓடவிட்ட சோதனைகளிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். எலி 'இங்கே இடது, அங்கே வலது' என்று திருப்பங்களை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை. மொத்த இடத்துக்கும் ஒரு வரைபடத்தை மனதில் கட்டிக்கொள்கிறது. 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டுபிடித்தார். இடத்தை அளந்து கட்டம் போடும் வேறு வகைச் செல்களை நார்வேயைச் சேர்ந்த மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல் கண்டறிந்தார்கள். 2014இல் மருத்துவ நோபல் பரிசு இந்த மூவருக்கும் போனது. நமக்குத் தேவையான பாடம் இவ்வளவுதான்: புது ஊரில் நமக்கு இருக்கிற தவிப்பில் ஒரு பங்கு, மூளை வரைபடம் போட்டு முடிக்காததால் வருவது. முடிக்கிற வரை ஒவ்வொரு திருப்பமும் யோசனை, ஒவ்வொரு யோசனையும் களைப்பு. சும்மா காய்கறி வாங்கிவிட்டு வந்தாலே முதல் மாதத்தில் அசந்துபோகிறோமே, அது இதுதான்.

அந்த வரைபடத்தில் என்ன இருக்கும்? நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மூன்று நகரங்களிலும் மக்களை அவரவர் ஊரை வரையச் சொல்லியும் பேசச் சொல்லியும், 1960இல் ஐந்து கூறுகளைச் சொன்னார்: பாதைகள், எல்லைகள், பேட்டைகள், சந்திப்புகள், அடையாளங்கள். சென்னைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பாதை என்றால் அண்ணா சாலை, ஜிஎஸ்டி ரோடு. சந்திப்பு என்றால் கத்திப்பாரா, சென்ட்ரல். அடையாளம் என்றால் 1959இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம். பேட்டைகளுக்குச் சொல்லவே வேண்டாம், மயிலாப்பூரில் இருப்பவர் "நான் மயிலாப்பூர்" என்பாரே தவிர சென்னை என்று சொல்ல மாட்டார்.

எனக்கு உண்மையில் உதவியது எல்லைகள்தான். சென்னையில் கிழக்கே கடல், அது நகராது. கூவமும் அடையாறும் ஊரைக் குறுக்கே வெட்டுகின்றன. தென்புறப் புறநகரில் ரயில் தண்டவாளம்தான் பெரிய எல்லை. கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று ஒரே ஊரை இரண்டு ஊராக்கியது அந்தத் தண்டவாளம். குரோம்பேட்டையிலும் அதே கதை. தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வழி தவறுவது பாதியாகக் குறைந்தது. வாரக்கணக்கில் செல்போன் சொன்னபடி திரும்பிக்கொண்டிருந்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எனக்கு மட்டும் வந்த குறை இல்லை இது. 2008இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், ஜிபிஎஸ் கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள், ஒருவர் நேரில் கூட்டிப்போய்க் காட்டிய பிறகு நடந்தவர்களைவிட அதிக தூரம் நடந்தார்கள், அதிகமுறை நின்றார்கள். நடந்த வழியை வரையச் சொன்னபோது சொதப்பினார்கள்.

ஆகவே என் சிபாரிசு, வாரம் ஒருமுறை போனைப் பையில் போட்டுவிட்டு மாநகரப் பேருந்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். 29சி மாதிரி பெரம்பூரில் ஏறினால் பெசன்ட் நகரில் இறக்கிவிடுகிற நீளமான தடம் ஏதாவது ஒன்று. கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லச் சொல்ல ஊர் காதில் ஏறும். அப்போது ஒரு வேடிக்கையையும் கவனிப்பீர்கள். பாதிப் பெயர்கள் இல்லாத பொருளுக்கு வைத்தவை. ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ காலமாயிற்று, அதன் பக்கத்தில் 1973இல் திறந்த மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம், ஆனாலும் மக்களுக்கு அது ஜெமினிதான். நான் குடியிருக்கும் குரோம்பேட்டையே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்த பெயர். பழைய ஆட்கள் இருப்பதை மட்டும் வைத்து வழி சொல்வதில்லை, இருந்ததை வைத்தும் சொல்கிறார்கள். புதியவனுக்கு இதுதான் எரிச்சல்.

வழிக்கு அடுத்தது முகங்கள். நண்பர்களைச் சொல்லவில்லை, அது பிறகு. தெரிந்த முகம், தெரியாத ஆள் என்று ஒரு ரகம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் இவர்களைப் பற்றி எழுதினார். அவருடைய மாணவர்கள், நியூயார்க் புறநகர் ரயில் நிலையத்தில் தினமும் காத்திருப்பவர்களைப் படமெடுத்து, பிறகு அதே நடைமேடையில் அந்தப் படங்களைக் கொடுத்து யாரையெல்லாம் தெரியும் என்று கேட்டார்கள். சராசரியாக ஒவ்வொருவரும், ஒருநாளும் பேசியிராத நான்கு பேரை அடையாளம் காட்டினார்கள். இப்படிப்பட்டவர்கள் தங்கள் நிலையத்தில் பேசிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் வெளியூரில் பார்த்துக்கொண்டால் பேசிவிடுவார்கள் என்பதையும் மில்கிராம் சொன்னார்.

எனக்கும் அப்படி நான்கைந்து பேர் உண்டு. காலை எட்டரை மணி வாக்கில் பீச் ஸ்டேஷன் போகிற ரயிலுக்கு, டிபன் பையை மார்போடு அணைத்து நிற்கும் ஒருவர். எப்போதும் ஓடியே வந்து ஏறும் கல்லூரிப் பையன். அவன் ஒருநாள் வரவில்லை என்றால் வண்டி நகரும்வரை என் கண் படிக்கட்டுப் பக்கமே இருந்தது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் வரவில்லை என்று தெரிகிறது. அவர்களில் யாருக்கோ நானும் அப்படித்தான் என்று நினைத்தபோது, இந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்றேன், அவ்வளவுதான். நேரத்தை மாற்றி மாற்றிப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

இதற்கு ஒரு படி மேலே, ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிற உறவு. குரோம்பேட்டை மளிகைக் கடையில் நான் வாய் திறந்து, "ஒரு கிலோ துவரம்பருப்பு தாங்க" என்றதுமே கடைக்காரர் நிமிர்ந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை அண்ணாச்சி."

"பாளையில எங்கன?"

"சமாதானபுரம்."

"அதானே பாத்தேன்" என்றார். அவருக்குச் சாத்தான்குளம்.

சென்னையில் மளிகைக் கடைக்கே 'அண்ணாச்சி கடை' என்றுதான் பெயர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தெருவுக்குத் தெரு கடை போட்டவர்கள், சரக்கோடு தங்கள் முறைச்சொல்லையும் கொண்டுவந்து இந்த ஊருக்கு விற்றுவிட்டார்கள். இன்று தலைமுறையாகச் சென்னையில் இருப்பவரும் கடைக்காரரை அண்ணாச்சி என்கிறார். குடிவந்தவர்கள் ஊருக்குப் பழகுவது ஒருபக்கம் என்றால், ஊரும் அவர்களுக்குக் கொஞ்சம் பழகிக்கொள்கிறது.

நான்கு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு அந்தக் கடைக்குப் போனபோது, "எங்க தம்பி, ஆளையே காணும்?" என்றார். சென்னையில் என்னைத் தேடிய முதல் ஆள் அவர்தான். இது வெறும் உணர்ச்சிப் பேச்சில்லை. கனடாவில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காபிக் கடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேரை விற்பவரிடம் சிரித்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், மீதிப் பேரை வேலையை மட்டும் சட்டென்று முடிக்கச் சொன்னார்கள். பேசியவர்கள் வெளியே வரும்போது அதிக உற்சாகத்தோடும், நாமும் இங்கே ஒருவர் என்ற நினைப்போடும் வந்தார்கள். பத்து நிமிடத்தில் கதவுக்கு வரும் மளிகை ஆப்கள் மேல் எனக்குக் கோபமில்லை, மழை நாளில் நானும் தட்டுவேன். ஆனால் புது ஊரில் முதல் மூன்று மாதம் அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. பருப்பு வந்துவிடும், அண்ணாச்சி வர மாட்டார்.

இப்படி அரைகுறைப் பழக்கம் வேறு வகையிலும் கைகொடுக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் காட்டியது இது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வருவது லேசான பழக்கமுள்ளவர்கள் வழியாகத்தான். அவர் ஆராய்ந்தது வேலை கிடைக்கும் விதத்தை. எனக்கு அந்த வழியில் நல்ல பிளம்பரும், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் பல் டாக்டரும் கிடைத்தார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் 'மூன்றாம் இடம்' என்ற கருத்தை முன்வைத்தார். வீடு முதல் இடம், வேலை இரண்டாம் இடம், காரியம் இல்லாமல் போய் உட்காரக்கூடியது மூன்றாம் இடம். நம் ஊரில் உடனே டீக்கடையைச் சொல்லிவிடுவோம். சொல்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். டீக்கடை பெஞ்சில் ஒரு பெண் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது இன்னும் சாதாரணக் காட்சி ஆகவில்லை. என் மனைவிக்கு மூன்றாம் இடம் தாம்பரம்–பீச் ரயிலின் பெண்கள் பெட்டியாக அமைந்தது. 1931இலிருந்து மின்சார ரயில் ஓடும் தடம் அது. கிளிப்பும் கடலையும் விற்க வருபவரிலிருந்து கிண்டியில் இறங்கும் வங்கிக்காரம்மா வரை ஒரு கூட்டம் அங்கே அவளுக்குச் சேர்ந்தது. 'அப்பால', 'நாஸ்டா' மாதிரி சென்னைப் பேச்சு எல்லாம் முதலில் அவள் வாயில்தான் வந்தன. கோயில் பிரகாரம், மொட்டை மாடி, தையல் கடை, கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். செலவில்லாமல் போக முடிய வேண்டும், போனால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது.

நட்பு கடைசியில்தான் வரும், அதுவும் மெதுவாக. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, பழக்கமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 200 மணிக்கு 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம். மூன்றாம் மாதமே "இந்த ஊரில் மனுஷனே இல்லை" என்று முடிவு கட்டுகிறோம். ஊர் ஒன்றும் செய்யவில்லை, மணி இன்னும் ஆகவில்லை.

எவ்வளவு நாளில் சரியாகும் என்பதற்கு ஒரு பிரபலமான விடை உண்டு. 1955இல் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்து, ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக ஒட்டியிருந்தார்கள், இடைப்பட்டவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள் என்றார். முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு ஏற்றம் என்று இதைப் படம் போட்டுக் காட்டுவார்கள். பிற்கால ஆய்வுகள் இதை அப்படியே ஏற்கவில்லை. பலருக்கு முதல் சில வாரங்களே மிக மோசமானவை, தேனிலவு என்ற ஒன்றே கிடையாது. எனக்கும் கிடையாது. ஆகவே படத்தைப் பார்த்துவிட்டு 'நமக்கு இன்னும் ஏறவில்லையே' என்று கவலைப்பட வேண்டாம்.

பிடிபட்டதா இல்லையா என்பது பெரும்பாலும் ஊருக்குப் போய்த் திரும்பும்போதுதான் தெரியும். பொங்கலுக்கு டிக்கெட் எடுக்க 60 நாளுக்கு முன்பே காலையில் போனும் கையுமாக உட்கார்ந்து, கிடைத்து, எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, நான்கு நாள் அம்மா கையால் சொதி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். முதல் வருடம் செங்கல்பட்டில் விழிப்பு வந்து, கொளவாய் ஏரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. மூன்றாம் வருடம் அதே ஏரியைப் பார்த்து, "அப்பாடா, வந்தாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பாளையங்கோட்டைக்குத் துரோகம் செய்த மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி. எதிர் பெர்த் பெரியவர் போர்வையை மடித்துக்கொண்டே, "தாம்பரமா, எழும்பூரா தம்பி?" என்றார்.

போன மாதம் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன், வேலை கிடைத்துத் தூத்துக்குடியிலிருந்து வந்தான். ஸ்டேஷனில் இறங்கி போன் செய்தான்.

"அத்தான், எப்படி வரணும்?"

"நேரா வா. டீக்கடை வரும்ல, அதுல இடது பக்கம் திரும்பு."

பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டான். "அத்தான், இங்கன டீக்கடையே இல்லையே. ஒரு அபார்ட்மென்ட்தான் கட்டிட்டிருக்காங்க."

"ஆமாடா, அதான். அங்கதான் டீக்கடை இருந்துச்சு. திரும்பு."